ஏறிப் பார்க்காமல் போட்ட பாஸ்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம், அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறுக்கிக்கொள்கிறது. நீயும் நலமாக இருப்பாய், நேரத்துக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன், இரண்டாவதில் நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான். போனில் பேசினால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நீ செய்த கேமை அனுப்பி, விளையாடிப் பார்த்து உள்ளதைச் சொல்லுங்கள் என்றாய். வெள்ளிக்கிழமை உன் மேலதிகாரி அதைப் பார்த்துத்தான் உன்னை வேலையில் நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்வார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியிருந்தும், "சூப்பரா இருக்கும்மா, கண்ண மூடிக்கிட்டுக் குடு" என்று சொல்லிவிட்டேன். அது பொய். கேமில் முதல் அறையை விட்டே நான் வெளியே வரவில்லை. நாற்பது நிமிடம் சுவரில் முட்டினேன், அம்மா பின்னால் நின்று அந்தப் பக்கம் போங்க, இந்தப் பக்கம் போங்க என்று உயிரை வாங்கினாள், கடைசியில் மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். லைசென்ஸ் கேட்டு வருகிறவர்களை ஓட்டச் சொல்லிப் பார்த்து பாஸ், ஃபெயில் போடுவதுதான் இருபத்தாறு வருடமாக என் பிழைப்பு. உன் மாமாவையே மூன்று தடவை ஃபெயிலாக்கியவன், இன்றுவரை அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பேர்ப்பட்டவன் பெற்ற பெண்ணுக்கு வண்டியில் ஏறாமலே பாஸ் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அதனால் நேற்று மறுபடி உட்கார்ந்தேன். வாயைத் திறக்கக்கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். முதல் அறைக் கதவு சுவரின் நிறத்திலேயே இருக்கிறது கண்ணு, எதிர்மூலையில் அழகாக ஒரு விளக்கு வைத்திருக்கிறாய், எவனும் அங்கேதான் போவான், அங்கே ஒன்றுமில்லை. விளக்கைக் கதவுக்கு மேலே மாட்டு. போர்டு எழுதி வைக்கலாம் என்று நினைக்காதே, ரோட்டிலேயே யாரும் போர்டு படிப்பதில்லை. இரண்டாவது அறையில் எதை அழுத்தினால் குதிக்கும் என்பது என் கை தவறிப் பட்டதால்தான் தெரிந்தது, அதையும் கவனி. ஆனால் நாலாவது அறையில் பாலம் இடிகிறதே, அங்கே நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். அம்மா சத்தியத்தைக் காற்றில் விட்டு, "ஐயோ, குதிங்க!" என்று கத்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அப்புறம் என்னைத் தள்ளிவிட்டு அவளே உட்கார்ந்தாள், நேற்றைக்குச் சமையல் நான்தான்.

இன்னும் நாலு நாள் இருக்கிறது, உனக்கு அது தாராளம். வெள்ளிக்கிழமை அவர் விளையாடும்போது பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்காதே, தடுமாறினாலும் விடு. நீ இந்தப் படிப்புக்குப் போன நாளில், கேம் செய்வதெல்லாம் ஒரு வேலையா என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். வேலைதான் கண்ணு. கஷ்டமான வேலை, அது உனக்கு வருகிறது. நல்லா இரு.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா