தொலைபேசிக்குள் இருக்கும் எனது குரலை நிறுத்தித் தரக் கோரல்

அனுப்புநர்:
சூ. சிமியோன்,
முனை வீதி, நண்டுமுனை,
யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
‘கடற்குரல்’ தொலைபேசிச் சேவை,
யாழ்ப்பாணம்.

விடயம்: இலக்கம் மூன்றை அமத்தினால் கேட்கும் குரல் தொடர்பானது

மதிப்புக்குரிய ஐயா,

1. நண்டுமுனைக் கடலில் என்னை அறியாத மீன் இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது மூளை போதாமல் அல்ல, கடல் என்னை விடாதபடியால். சென்ற வருடம் தங்கள் உத்தியோகத்தர்கள் ஒலிப்பதிவுக் கருவியுடன் வந்து, எங்கள் கரைப் பேச்சு அழிந்து போகிறது, காற்றின் பெயர், கல்லின் பெயர், ஓடையின் பெயர் எல்லாம் சேர்த்துத் தொலைபேசியில் போடப் போகிறோம் என்றனர். இன்ரர்நெற் பிடிக்காத எங்கள் கரைக்கு, சாதாரண போனிலேயே கேட்கக்கூடிய இத்திட்டம் பெரிய உபகாரம். அதில் நான் குறை சொல்ல வரவில்லை.

2. யாரைக் கேட்கலாம் என்று அவர்கள் விசாரித்தபோது ஊரே என்னைக் காட்டியது. சரியாகச் சொன்னால், இறங்குதுறையில் முன்னுக்கு நின்றவன் நான். மூன்று நாள் கதைத்தேன். தங்கள் உத்தியோகப் பிள்ளைகள் தேத்தண்ணி ஆறுவதும் தெரியாமல் கேட்டார்கள். அப்படிக் கேட்டால் மனிசன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான், ஐயா. மூக்கறையன் கல்லுக்கும் குமரிக்கல்லுக்கும் நடுவில் உள்ள கடல் ஓடையில், தண்ணீர் வற்றும் சோளகக் காற்றுக் காலத்திலும் எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம், தண்ணீர் நிற்கும், நாற்பது தரம் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்தவன் நான் என்று சொல்லிவிட்டேன்.

3. போனது ஒரு தரம். அதுவும் மாமாவின் வள்ளத்தில், சத்தி எடுத்தபடி படுத்திருந்தேன். ஓடையை நான் பார்க்கவில்லை.

4. என் மகள் நிவேதனாவைக் கட்டிய எமில்ராஜ், தோட்டம் செய்யும் அச்சுவேலிப் பிள்ளை. வெங்காயம் தெரிந்த அளவுக்குக் கடல் தெரியாது. என்னிடம் நேரே கேட்க வெட்கப்பட்டு, ஒவ்வொரு நாளும் மூன்றை அமத்திக் கேட்டுத்தான் தொழிலுக்கு வெளிக்கிடுவார். சென்ற மாதம் 19 ஆம் திகதி நல்ல சோளகத்தில் அந்த ஓடைக்குள் படகை விட்டார். முழங்கால் தண்ணீர். படகின் அடி பிளந்து, அவரது வலது கால் கல்லோடு நசிந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்திருக்கிறார்கள். பார்க்கப் போனபோது, “மாமா, நீங்கள் சொன்ன ஓடை சரிதான், நான்தான் இடம் மாறி விட்டிட்டன் போலை” என்றார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை. இம்மனுவின் பிரதியை நாளை அவள் கையில் கொடுப்பேன்.

5. அந்தக் கற்களை அறிந்தவர் என் மைத்துனி அருமைநாயகி. முப்பது வருடமாகத் தண்ணீர் வற்றும் நேரம் நடந்துபோய் மட்டி பொறுக்குகிறவர். எந்தக் காற்றுக்கு எந்தக் கல்லில் எவ்வளவு தண்ணீர் என்பது அவர் காலுக்குத் தெரியும். தங்கள் ஆட்கள் அவரிடம் போக வெளிக்கிட்டபோது, வள்ளம் ஏறாத பொம்பிளைக்கு என்ன தெரியும் என்று மறித்தவனும் நானே. “என்னைக் கேட்டிருந்தால், அத்தான், அது நண்டு போற வழி எண்டு சொல்லியிருப்பன்” என்கிறார் இப்போது.

6. இதைச் சொல்லத் தங்கள் சேவைக்கு ஐந்து தரம் எடுத்தேன். ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்கிறது. மூன்றை அமத்தினால் நானே வந்து எட்டுப் பாகம் என்கிறேன்.

7. ஆகையால் எனது பதிவை அடியோடு எடுத்துவிட்டு, அருமைநாயகியின் குரலை அந்த இடத்தில் வைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். சோளகம் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. விடியலில் இறங்குதுறையில் நின்று, அந்த ஓடைக்குப் போகவேண்டாம் என்று ஒவ்வொரு படகுக்கும் சொல்லுகிறேன். “சிமியோன் அண்ணை, உங்களுக்கு வயது போட்டுது, போனிலை வடிவாச் சொல்லியிருக்கிறியள்” என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். கரையில் நிற்கிற சிமியோனை ஒருவரும் நம்புவதாக இல்லை. போனுக்குள் இருக்கிறவனைத் தாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

மேற்படி குரலுக்குச் சொந்தக்காரன்,
சூ. சிமியோன் (ஒப்பம்)

நண்டுமுனை,
14.07.2025