நூற்றில் ஒன்று

12 ஆகஸ்ட் 1946, திங்கள்.

விரல் இன்னும் எரிகிறது.

இன்று மத்தியானம் குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்த பெண்ணுக்கு எங்கள் பிரசவ வார்டில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த பிள்ளைகளுக்குக் கண்நோய் வராமல் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் தீர்ந்திருந்ததால், கம்பவுண்டர் சூசை அண்ணாச்சி புதிதாகக் கலந்து கொடுத்தார். மூடியைத் திறந்ததும் என் விரல் கீறலில் ஒரு துளி பட்டு நெருப்பாகச் சுட்டது. அந்த மருந்து ஒருநாளும் அப்படிச் சுட்டதில்லை. பிள்ளைக்கு விடாமல் மருந்தறைக்குப் போனேன்.

“நூத்துக்கு எவ்வளவு போட்டீங்க?”

“பத்து. டாக்டர் எழுதினதைத்தான் போட்டேன்.”

பழைய டாக்டர் ஒரு பெர்சென்ட் என்று எழுதுவார். புதியவர் சீட்டில் 0.01 என்று எழுதியிருந்தார்.

“அண்ணாச்சி, பாயிண்ட் ஒண்ணுன்னாத்தான் பத்துல ஒண்ணு, பத்து பெர்சென்ட். இது பாயிண்ட் சைபர் ஒண்ணு. நூத்துல ஒண்ணு. அதுதான் ஒரு பெர்சென்ட்.”

அவர் சீட்டையே பார்த்தார். “நடுவுல ஒரு சைபர் கெடக்கே,” என்றார். அந்தப் பத்து பெர்சென்ட் மருந்தை விட்டிருந்தால் பிள்ளைக்குக் கண் போயிருக்கும்.

கொட்டிவிட்டு மறுபடி நிறுத்துக் கலந்தார். நான் கை நீட்டியும் தரவில்லை. முதலில் தன் கண்ணில் ஒரு துளி விட்டு, கொஞ்ச நேரம் திறந்து மூடிப் பார்த்தார்.

“இப்பம் கொண்டு போம்மா.”

பிள்ளை சிணுங்கிவிட்டுத் தூங்கிப்போனது. சாயங்காலம் அவரே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டார். டாக்டர் திட்டவில்லையாம். இனி அளவை எழுத்தாலும் எழுதுகிறேன் என்றாராம்.

காலையில் பிறந்த பையனுக்குப் பழைய பாட்டில் மருந்தைத்தான் விட்டேன். நன்றாகத் தெரியும். ஆனாலும் விடிந்ததும் அவன் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.