திரும்பி நின்றவர்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டு எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை நீ கொண்டுவந்த சட்டை தொளதொளவென்று இருக்கிறது. சட்டையைக் குறை சொல்லவில்லை, உள்ளே இருக்கிற ஆள் இளைத்துவிட்டான்.

ஜெயிலில் எல்லாம் பழகிப்போகும் என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்கிறார். லாரி ஓட்டியவர், நல்ல மனுஷர், குறட்டைதான் தாங்காது. எனக்கும் எல்லாம் பழகிவிட்டது, பாட்டில்லாமல் இருப்பதைத் தவிர. சாப்பாட்டுத் தட்டில் விரலால் தாளம் போட்டால்கூட அதட்டுகிறார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து ஒரு மெட்டல் ராக் இசை ஷோவை விட்டதில்லை நான். இப்போது காதுக்குள் ஒன்றுமே இல்லை அக்கா.

ஓர் உதவி கேட்கிறேன், சிரிக்காதே. இந்த மாதக் கடைசியில் பழைய நூற்பாலைக் கிடங்கில் ஒரு ஷோ இருக்கிறது. நெட்டை செத்துப்போன இடம் இல்லை, இது வேறு. எனக்குப் பதிலாக நீ போய்விட்டு வா. நீ ரேடியோவையே குறைத்து வைக்கிறவள் என்பது தெரியும். காதில் இயர்பிளக் வைத்துக்கொள். மூடிய ஷூ போடு, தொங்கட்டான் வேண்டாம். ஒலி அமைப்பவரின் மேசை பக்கத்தில் நின்றுகொள், அங்கேதான் சத்தம் சுத்தமாகக் கேட்கும். பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுது.

வக்கீல் வந்திருந்தார். மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடி விசாரிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். நெட்டையும் நானும் எப்படிப் பழகினோம் என்று நீ வந்து சொன்னால் பலமாக இருக்கும் என்கிறார். கூட்டத்தில் விழுந்து மிதிபட்டவனை நான் தள்ளிவிட்டேன் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எங்கள் குழுவில் அவன் பாடினான், நான் டிரம்ஸ் அடித்தேன். அவனை நான் தள்ளுவேனா, நீயே சொல்.

உன் பதிலுக்காக வழி பார்த்திருக்கும்,
சுண்டு


மார்ச் 1

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

அக்கா எழுதுவது. போய்விட்டு வந்தேன். காது இரண்டும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, ஆனால் மூன்று நாளாகக் கண்ணாடிக் கடையில் யார் என்ன கேட்டாலும் “என்ன, என்ன?” என்கிறேன். கண் பரிசோதிக்க வந்த ஒரு பெரியவர், முதலில் என் காதைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

உன் அத்தான் வாசல்வரை வந்து வழியனுப்பினார். “கட்டிக்கிட்ட நாள்ல இருந்து என்கூட ஒரு சினிமாவுக்கு வந்திருப்பியா? தம்பி சொன்னதும் பேய்க்கூத்து பாக்கக் கிளம்பிட்ட” என்றார்.

அங்கே போனால் எல்லாரும் கறுப்புச் சட்டை. நான் வேலைக்குப் போட்டுப்போன மஞ்சள் உடுப்போடு நிற்கிறேன். கை முழுக்கப் பச்சை குத்தின ஒரு பெண், “அக்கா, வழி மாறி வந்துட்டீங்களா?” என்று கேட்டாள். தம்பிக்காக வந்தேன் என்றேன். தம்பி எங்கே என்றாள். வெளியூர் என்று சொல்லிவைத்தேன். அதற்குப் பிறகு அவள் என்னை விடவே இல்லை, தண்ணீர் வாங்கித் தந்தாள், என் பையை முன்பக்கம் மாட்டிவிட்டாள்.

பாடுகிற ஆள் வாயைத் திறந்ததும் அவருக்கு ஏதோ உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நினைத்தேன். டிரம்ஸ் காதில் விழவில்லை, நேரே வயிற்றில் விழுந்தது. பாட்டு முடிந்ததும் அதே ஆள் மைக்கில், “எல்லாரும் தண்ணி குடிங்க, பக்கத்துல இருக்கறவங்களைப் பாத்துக்கங்க” என்று அவ்வளவு பதவிசாகச் சொல்கிறார்.

மேடைக்கு முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சுற்றுகிறார்களே, நீ பிட் என்பாயே, அங்கே ஒரு கை உயர்ந்தது. கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. யாரோ கீழே விட்டதை எடுத்துத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். சுற்றி இருந்தவர்கள் கையை விரித்து ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்காரன் தட்டுத்தடுமாறி வந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் மறுபடி இடித்தார்கள். காதில் மாட்டும் பக்கம் தளர்ந்துபோயிருந்தது. இடைவேளையில் அவனைத் தேடிப்பிடித்து, பையில் இருந்த குட்டித் திருப்புளியால் முடுக்கிக் கொடுத்தேன். தொழில் புத்தி எங்கே போகும்.

பிடித்திருந்தது என்று எழுதினால் நீ தலைகால் தெரியாமல் ஆடுவாய். அதனால் எழுதவில்லை.

வக்கீலிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நெட்டை நம் வீட்டில் சாப்பிடாத வாரம் உண்டா? நீ தள்ளியிருக்க மாட்டாய் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 12

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. லாரிக்காரருக்கும் படித்துக் காட்டினேன். மஞ்சள் உடுப்பு என்றதும் மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்று இராத்திரி பல மாதங்களுக்குப் பிறகு காதுக்குள் பாட்டுக் கேட்டது.

ஆனால் நீ கரையிலேயே நின்றுவிட்டாய். அடுத்த மாதம் அதே கிடங்கில் இன்னொரு ஷோ. இந்தத் தடவை பிட்டுக்குள் போ. ஒரே ஒரு பாட்டுக்குப் போனால் போதும். பயமே வேண்டாம். விழுந்தால் நீ தரையில் படுவதற்குள் நாலு கை நீளும். யாராவது ஒருவர் குனிந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கட்டைவிரலைக் காட்டுவார். உடனே மற்றவர்கள் உன்னைச் சுற்றி முதுகைக் காட்டி வட்டம் கட்டிவிடுவார்கள். அந்த வட்டத்தைத் தாண்டி ஒரு கால் உள்ளே வராது. கறுப்புச் சட்டையைப் பார்த்து ஊரே முகம் சுளிக்கிறது, ஆனால் கோயில் கூட்டத்தில்கூட இந்த ஒழுங்கு இல்லை. எங்கள் ஆட்கள் தங்கம் அக்கா.

போய்விட்டு எழுது. எனக்கு வேறு என்ன இருக்கிறது?

உன் சுண்டு


ஏப்ரல் 6

தம்பிக்கு,

போனேன். நீ சொன்னபடி உள்ளே போனேன். பச்சை குத்தின பெண்தான் கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. என்னை இடித்தவர்கள் எல்லாம் இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். வாய்விட்டுச் சிரித்தேன். அப்படிச் சிரித்து வெகு காலமாயிற்று.

பிறகு கால் பின்னி விழுந்தேன். நீ எழுதினது எழுதினபடியே நடந்தது. அந்தப் பெண் குனிந்தாள், கட்டைவிரலைக் காட்டினாள், மற்றவர்கள் திரும்பி நின்றார்கள். மூச்சு வாங்கியதால் நான் உடனே எழவில்லை. தரையில் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தேன். சுற்றிலும் முதுகுகள். ஒரு முகம் இல்லை. ஒரு செருப்பு நுனிகூட என்மேல் படவில்லை. அந்தப் பெண் என் காதருகே வாய் வைத்து என்னவோ கேட்டாள், அதுவே எனக்குக் கேட்கவில்லை. நான் கத்தியிருந்தாலும் அந்த முதுகுகளில் ஒன்றுக்கும் கேட்டிருக்காது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் கோர்ட்டில் கேட்டது ஞாபகம் வந்தது. இரண்டு பேர் வந்து சொன்னார்களே: “அவர் விழுந்தாரு. இவர் குனிஞ்சு, நான் பாத்துக்கறேன்னு கையைக் காட்டினாரு. நாங்க திரும்பி நின்னோம். பாட்டு முடிஞ்சு பாத்தா அசைவில்ல.” நீ உதவத்தான் குனிந்தாய் என்று நம் வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். நானும் பெருமூச்சு விட்டேன். அந்த அறையில் இருந்த ஒருவரும் இப்படி ஒரு கச்சேரியைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. நீதிபதியும் இல்லை, போலீஸும் இல்லை, நானும் இல்லை.

நெட்டையின் கழுத்தில் மிதித்த காயம் என்று டாக்டர் சொன்னார். ஒரு மூக்குக்கண்ணாடிக்காக ஆட்டத்தை நிறுத்துகிற கூட்டம் தம்பி அது. வட்டத்துக்குள் நீங்கள் இரண்டு பேர்தான் இருந்தீர்கள். அது யாருடைய கால்?

நெட்டை செத்த அன்று சாயங்காலம், ஷோவுக்குக் கிளம்புமுன் நம் வீட்டில் சாப்பிட்டபோது நீ அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி போட்டுவிட்டுப் போனேன்.

நான் தப்பாக யோசிக்கிறேன் என்று எழுது. எழுதினால் நம்புவேன். எனக்குத் தூக்கம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ எதையாவது பார்த்துவிட்டு எதையோ போட்டுக் குழப்பிக்கொள்கிறாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு இந்தக் குணம் உண்டு. எல்லாக் கூட்டமும் ஒன்றுபோல இருக்காது. அன்றைக்கு நெரிசல் அதிகம், வட்டம் உடைந்திருக்கலாம். இருட்டு வேறு. இத்தனை நாள் கழித்து யாருக்கு என்ன தெரியும்?

நெட்டை எங்களை விட்டுவிட்டுப் பெரிய குழுவில் சேரப்போகிறேன் என்றான், அதில் எனக்கு வருத்தம் இருந்தது வாஸ்தவம். பத்து வருஷம் அவன் பின்னால் உட்கார்ந்து அடித்தவன் நான். யாருக்குத்தான் வருத்தம் இருக்காது?

இனிமேல் ஷோவுக்குப் போகாதே. காது கெட்டுவிடும். அத்தானோடு சினிமாவுக்குப் போ.

இன்னொன்று, இதையெல்லாம் கடிதத்தில் எழுதாதே. இங்கே வருவதை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். இதை நான் விடுதலையாகிப் போகிற ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். போன கடிதம் வேறு யாரோ புது ஆள் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது, நல்லவேளை. வக்கீலிடமும் வாயைத் திறக்காதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நான் வெளியே வந்தால் உன் வீட்டு மூலையில்தான் கிடப்பேன், என் கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான். அதை மறந்துவிடாதே.

உன் தம்பி


மே 3

அன்புத் தம்பி சுண்டுவுக்கு,

உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது. நெரிசல் இருந்தது, இருட்டு இருந்தது, என் குணம் இருந்தது. “நான் செய்யவில்லை” என்பது மட்டும் இல்லை. மடித்து வைத்துவிட்டு மறுபடி பிரித்துத் தேடினேன். பின்பக்கமும் பார்த்தேன்.

போன வாரம் நெட்டையின் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். நீ தள்ளினாய் என்ற தீர்ப்பை அவள் இன்றுவரை நம்பவில்லை. பிள்ளைக்குத் தூரப்பார்வை குறைவு. எழுத்து அட்டைமுன் அவளை உட்காரவைத்துவிட்டு நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் அம்மா என் பின்னால் நின்று மெதுவாகக் கேட்டாள்: “அக்கா, இத்தனை பேர் மிதிச்சப்ப அவருக்கு ரொம்ப வலிச்சிருக்கும்ல? உங்க தம்பிதான் கடைசிவரைக்கும் பக்கத்துல இருந்தாரு. ஏதாச்சும் சொன்னாரா?”

நான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னபடியே கேட்டேன், பார்த்துக்கொள். அந்தப் பிள்ளைக்கு லென்ஸ் தப்பாக எழுதிவிட்டு, மறுநாள் கூப்பிட்டுத் திருத்திக் கொடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படித் தப்பு செய்ததில்லை. அன்று இராத்திரி உன் அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நீ என்ன செஞ்சாலும் நான் கூட இருக்கேன்” என்றார்.

நீ ஆசைப்பட்டுக் கேட்டாய் என்றுதான் போனேன். அங்கே இருப்பவர்களை நீ தங்கம் என்று எழுதினாய். அவர்கள் தங்கம்தான் தம்பி. நீ கையைக் காட்டினாய், உன்னை நம்பித் திரும்பி நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த கை இது. உன்மேல் உள்ள பாசம் போய்விடவில்லை, போனால் எனக்கு எவ்வளவோ சுலபம். உனக்குச் சட்டையும் சோப்பும் கொண்டுவருவேன். பார்க்கிற நாளில் வருவேன். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுவேன். ஆனால் திரும்பி நிற்க மாட்டேன்.

பிரித்துப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தெரிந்துதான் எழுதுகிறேன்.

படிக்கிற ஐயா அவர்களுக்கு, வணக்கம். இதற்கு முன் ஏப்ரல் ஆறாம் தேதி நான் எழுதிய கடிதத்தையும் அவனிடமிருந்து வாங்கிப் பாருங்கள். அவன் எனக்கு எழுதியவை எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மேல்முறையீட்டில் அவன் பக்கம் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தேன், அதை விலக்கிக்கொள்கிறேன். யார் கூப்பிட்டாலும் வந்து, அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். என் முகவரி உறையின் மேல் இருக்கிறது, பகல் முழுக்கக் கண்ணாடிக் கடையில் இருப்பேன்.

இதை உங்கள் மேலதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். தம்பியிடம் போய்ச் சேராவிட்டால் பரவாயில்லை. மேலே அவன் பெயரைப் போட்டிருக்கிறேனே தவிர, இது உங்களுக்கு எழுதியது.

இப்படிக்கு,
அவனுடைய அக்கா