நாலு மூட்டைக் கணக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. சித்தியின் முழங்கால் நீங்கலாக இங்கே அனைவரும் நலம். நீ முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். போன ஞாயிறு காலை பத்தேகாலுக்கு, இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, கூடத்து மேசையை அலமாரிப் பக்கத்திலிருந்து சன்னல் பக்கம் நகர்த்துவது என்று இந்த வீட்டில் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவன் நான் ஒருவன். மேசையின் கனமான முனையைத் தூக்கியவனும் நானே. அதன்மேல் இனி நான் நாளிதழ் விரிக்கக் கூடாது, சித்தி வெங்காயம் நறுக்கக் கூடாது, ஏனென்றால் உன் அம்மா பரீட்சைக்குப் படிக்கிறாள்.

தொலைபேசியில் உன்னிடம் ‘சும்மா ஒரு படிப்பு’ என்றுதான் சொல்லியிருப்பாள், ஆகவே முழுதாக எழுதுகிறேன். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளுக்கு இது பத்தொன்பதாவது வருடம், கடைசி மூன்று வருடமாக சூப்பர்வைசர் வேலையை அந்தப் பெயர் இல்லாமல் பார்க்கிறாள். இப்போது புது விதி வந்திருக்கிறது, சான்றிதழ் உள்ளவர்தான் அந்தப் பதவியில் இருக்கலாமாம். அவள் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒருவர் வருவார். ஆளைக்கூடப் பார்த்து வைத்துவிட்டார்கள். பிரிவைச் சுற்றிப் பார்க்க வந்த அன்று, மெஷின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவர் உன் அம்மாவிடம்தான் கேட்டிருக்கிறார். அவர் வந்தால் அம்மா மறுபடி துணி மடிக்கும் மேசைக்குப் போக வேண்டும். ‘அவருக்கு வேலையும் சொல்லிக் குடுத்துட்டு, அவர்கிட்டயே லீவும் கேட்டு நிக்கணுமா?’ என்றாள், மறுநாளே படிப்பில் சேர்ந்துவிட்டாள்.

தேற மொத்தத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து வேண்டும். வீட்டுப் பயிற்சியில் தொண்ணூறு, செய்முறையில் எண்பத்தைந்து, இடைத்தேர்வில் மட்டும் நாற்பத்தெட்டு, அன்று அவளுக்குக் காய்ச்சல். மீதி இருப்பது வருகிற வியாழக்கிழமை இறுதித் தேர்வு. அதில் எவ்வளவு எடுத்தால் போதும் என்று கணக்கிடும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் ஏற்றுக்கொண்டேன். முப்பது வருடம் அச்சகத்தில் உட்கார்ந்து ஊரார் பிழையைத் திருத்தியவனுக்கு இது ஒரு காரியமா? நான்கு தேர்வு, சராசரி அறுபத்தைந்து, ஆக இருநூற்றறுபது, கையில் இருப்பது இருநூற்றிருபத்து மூன்று, தேவை முப்பத்தேழு. பேனா மூடியைத் திறந்தாலே வந்துவிடும் என்று வீட்டிலும், மாடிப்படியில் எதிர்ப்பட்ட மூன்று குடித்தனக்காரர்களிடமும் அறிவித்தேன். அதை நம்பி அம்மா கறை நீக்கும் ரசாயனங்கள் பற்றிய அத்தியாயத்தை ஓரம் கட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை நம்பியது அந்த நான்கு நாள்தான்.

ஐந்தாம் நாள் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. ‘ஏங்க, நாலு மூட்டை அழுக்குத்துணி வருது, நாலுக்கும் ஒரே அளவு சோப்பா போடுவீங்க?’ என்று கேட்டாள். போடுவேன் என்றேன். ‘நல்லவேளை மாமா, அச்சகத்துல உங்களைப் புத்தகத்தோட நிறுத்திக்கிட்டாங்க’ என்றாள் சித்தி. தலையணை உறை மூட்டை பதினைந்து கிலோ, பெட்ஷீட் மூட்டை நாற்பது கிலோ, மூட்டையை எண்ணக் கூடாது, நிறுக்க வேண்டும், தேர்வும் அப்படித்தான் என்று விளக்கினாள் அம்மா. வீட்டுப் பயிற்சிக்கு நூற்றில் பதினைந்து பங்கு, இடைத்தேர்வுக்கு இருபத்தைந்து, செய்முறைக்கு இருபது, இறுதித் தேர்வுக்கு மட்டும் நாற்பது. அப்படிப் பார்த்தால் தொண்ணூறிலிருந்து வந்து சேர்வது பதின்மூன்றரை, நாற்பத்தெட்டிலிருந்து பன்னிரண்டு, எண்பத்தைந்திலிருந்து பதினேழு, ஆகக் கையில் இருப்பது நாற்பத்திரண்டரை. அறுபத்தைந்துக்கு இன்னும் இருபத்திரண்டரை வேண்டும், அத்தனையும் அந்த நாற்பது பங்கிலிருந்தே வந்தாக வேண்டும். இருபத்திரண்டரையை நாற்பதால் வகுத்து நூறால் பெருக்கினால் ஐம்பத்தாறேகால். கால் மதிப்பெண் யாரும் தரமாட்டார்கள், எனவே ஐம்பத்தேழு. மூன்று முறை சரிபார்த்தேன். அவள் கணக்கில் பிழை இல்லை. மூன்று குடித்தனக்காரர்களுக்கும் நேரில் போய்த் திருத்தம் வெளியிட்டேன்.

போன நான்கு நாளுக்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் நீ கவலைப்படாதே. தினமும் மாலையில் அந்த ரசாயன அத்தியாயத்திலிருந்து இருபது கேள்வி நான் கேட்கிறேன், நேற்று பதினேழுக்குச் சரியாகச் சொன்னாள், மீதி மூன்றில் என் உச்சரிப்பைக் குறை சொன்னாள். ‘அம்பத்தேழு என்ன பெரிய மலையா’ என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இந்தமுறை மாடிப்படியில் சொல்லவில்லை.

‘இந்த வயசுல அம்மாவுக்கு எதுக்குப்பா பரீட்சை, வேலைய விட்டுட்டு இங்க வந்துடட்டுமே’ என்று எழுதியிருந்தாய். பாசத்தில் எழுதியது, புரிகிறது. அதை வியாழனுக்கு முன் அவளிடம் சொல்லாதே. வியாழனுக்குப் பின்னும் சொல்லாதே. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வாசல் பூட்டை ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார். எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக அமைய எங்கள் மூவரின் ஆசிகள். புதன்கிழமை கூப்பிட்டு அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேசு, மறக்காதே.

உன் அன்பு அப்பா

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்ததில் இக்கடிதம் பன்னிரண்டு நாள் அலமாரியில் இருந்துவிட்டது. இதற்குள் முடிவு வந்தது. இறுதித் தேர்வில் அறுபத்தொன்று, மொத்தத்தில் அறுபத்தாறு புள்ளி ஒன்பது. சூப்பர்வைசருக்குக் காலை ஐந்தரைக்கே வேலை தொடங்குகிறது. ஒன்றாம் தேதியிலிருந்து காலைச் சமையல் என்னுடையது.