அட்டையில் இருந்த அளவு

ஜூன் 3, செவ்வாய்

பெரிய பேரன் பாலம் கட்டுகிறான். இரண்டாவது பாலம் போன மாதம் முடிந்தது. மஞ்சள் தொப்பியோடு அதன் மேல் நிற்கிற படம் கூடத்துச் சுவரில் இருக்கிறது. அடுத்தவள் வாயாடி. மூன்று வருடம் தொடர்ந்து பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கி, இப்போது சட்டம் படிக்கிறாள். கோப்பையோடு ஒரு படம். மூன்றாவது என் நர்ஸ். ஒன்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தும் போதாதென்று, ஆறாத காயம், வயிற்றில் பை, அடக்க முடியாத சிறுநீர் என்று மூன்றுக்கும் சேர்த்து ஒரு படிப்பு. ஆறு மாதமாக விடுமுறை நாளெல்லாம் அதற்கே போகிறது. சனிக்கிழமை பரீட்சை. தேறினால் அந்தப் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு. அவள் படத்துக்கு ஆணி இப்போதே அடித்துவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் சுவர் இது. எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவுக்கு வரிசை மாறாமல் இதைச் சொல்லி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் போதும்.

இன்று என் வயிற்றில் ஒட்டிய பையை இரண்டு முறை மாற்ற வேண்டியதாயிற்று. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

மூன்று முறை. பாவாடையை நானே அலசிக் காயப்போட்டேன். மருமகள் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, துணியெல்லாம் உங்களுக்கு மட்டும் இவ்வளவு சேருது?" என்றாள். வெயில் நல்லா இருக்கு என்றேன்.

ஜூன் 7, சனி

பரீட்சை முடிந்து வந்தாள். "எப்படிடி?" என்றேன். "நல்லா பண்ணேன் பாட்டி" என்று செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

செருப்பில் என்ன இருக்கிறது?

ஜூன் 8, ஞாயிறு

மார்ச் கடைசியில் எனக்கு ஆபரேஷன். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து தைத்துவிட்டார்கள். சிவப்பாக ஒரு மொட்டு மாதிரி இருக்கும். அதைச் சுற்றி ஒட்டும் தட்டு, தட்டில் பை. மொட்டின் அளவுக்குத் தட்டில் ஓட்டை வெட்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டையில் வட்டம் வெட்டிக் கொடுத்தார்கள், முப்பத்தெட்டு மில்லிமீட்டர். முதல் பத்து நாள் பேத்திதான் மாற்றினாள். பிறகு நானே விரட்டிவிட்டேன். "நீ போய்ப் படி. நாப்பது வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தச்சவளுக்கு ஒரு வட்டம் வெட்டத் தெரியாதா?"

அட்டையை வைத்துக் கோடு போட்டு இருபது தட்டை ஒரே மூச்சில் வெட்டி அடுக்கினேன். பிசிறில்லை. அவளிடம் காட்டக்கூட இல்லை.

இப்போது தட்டைச் சுற்றித் தோல் வெந்துபோய்க் கிடக்கிறது. தண்ணீர் பட்டால் உயிர் போகிறது. தையல் விட்டதோ? உள்ளே இருந்த வியாதி திரும்பி வந்துவிட்டதோ? சொன்னால் மறுபடி அந்த மேசையில் படுக்க வைப்பார்கள். முடியாது. என்னால் முடியாது.

ஜூன் 11, புதன்

மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னாள். "அத்தை, அவ தேறலை. எழுத்துப் பரீட்சையில முதல் ஆளு. செய்முறையில போயிடுச்சு. என்ன தப்புன்னு என்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறா."

ஜூலை இருபத்தாறில் மறுபடி ஒரு வாய்ப்பு. ஆனால் அதற்குள் பை வைத்த ஒருவரை ஆறு வாரம் பார்த்து, வாராவாரம் படம் எடுத்துக் குறிப்பு எழுதிக் கொண்டுபோக வேண்டும். ஒப்புக்கொண்டிருந்த ஆள் ஊர் மாறிப் போய்விட்டார். இதுவும் போனால் பொறுப்பு வேறொருவருக்கு.

நான் ஆணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வாசற்படியில் நின்றே கேட்டாள். உள்ளே வரவில்லை.

"பாட்டி, நீங்க ஒத்துக்கிட்டா... உங்களையே நான்..."

"என் வயித்தைப் படம் புடிச்சு ஊருக்குக் காட்டப் போறியா? வெக்கமா இல்ல உனக்கு?"

போய்விட்டாள். வெட்கம் எனக்குத்தான், அதுவும் பொய் வெட்கம். தட்டை எடுத்தால் தெரிந்துவிடுமே. தினம் கேட்கிறாள், எப்படி இருக்கு பாட்டி என்று. தினம் நல்லா இருக்கு என்கிறேன்.

ஜூன் 14, சனி

எங்கே ஆரம்பிப்பது.

காலையில் டைப்பிஸ்ட் அம்மா வந்து உட்கார்ந்தாள். "என்ன, நர்ஸம்மா ரிசல்ட் வந்துச்சா? ஆணி மட்டும் தனியா நிக்குது." பாஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வயிற்றில் தட்டு விட்டுக்கொண்டது. சூடாகத் தொடை வழியே இறங்கி நாற்காலிக் காலடியில் சொட்டியது. வாடை.

பேத்தி எங்கிருந்து வந்தாளோ. துண்டை என் மடியில் விரித்து, "ஆன்ட்டி, பாட்டிக்கு மருந்து வைக்கிற நேரம், அப்புறமா பேசுவீங்களாம்" என்று அந்த அம்மாவை வாசல் வரை சிரித்துக்கொண்டே கொண்டுபோய் விட்டாள். குளியலறையில் தட்டை எடுத்தாள். சிரிப்பு போய்விட்டது.

"எத்தனை நாளா பாட்டி?"

"ஒரு... மூணு வாரம்."

"ஓட்டையை எந்த அளவுல வெட்டுனீங்க?"

அட்டையைக் கொடுத்தேன். மிச்சமிருந்த வெட்டிய தட்டுகளையும் காட்டினேன். அந்த நிலையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினேன். அவள் தன் பையிலிருந்து வட்டம் வட்டமாக ஓட்டை போட்ட அளவு அட்டையை எடுத்து மொட்டின் மேல் வைத்துப் பார்த்தாள்.

இருபத்தேழு.

ஆபரேஷன் வீக்கம் வடிய வடிய மொட்டு சுருங்குமாம். மாற்றும்போதெல்லாம் அளந்து வெட்ட வேண்டுமாம். நான் விட்ட இடைவெளியில் மலம் நின்று நின்று தோலை அரித்திருக்கிறது. வியாதி திரும்பவில்லை. தையலும் விடவில்லை.

அவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பத்து நாள்ல விட்டுட்டுப் போனேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள். அளவு அட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "பரீட்சையில நானும் இதேதான் பாட்டி பண்ணேன். ஃபைல்ல அளவு எழுதியிருந்துச்சு. நேரம் ஓடுதுன்னு அதையே வச்சு வெட்டி ஒட்டிட்டேன். நான் ஒட்டி முடிக்கிற வரைக்கும் பரீட்சை மேடம் ஒண்ணுமே சொல்லலை. அப்புறம் அளவு அட்டையை எடுத்து என் கையில குடுத்தாங்க."

வளர்கிற பிள்ளைக்குப் போன வருட அளவில் ஒரு சட்டை தைத்ததில்லை நான். தாய்மார் சண்டைக்கு வந்தாலும் பிள்ளையைக் கூட்டிவா என்று திருப்பி அனுப்பியவள். என் வயிற்றுக்கு மட்டும் இரண்டு மாதத்துப் பழைய அட்டை.

வெட்டி வைத்த தட்டெல்லாம் குப்பைக்குப் போயிற்று.

"படம் எடுத்துக்கோ" என்றேன். "மூஞ்சி வேண்டாம்."

ஜூன் 21, சனி

இரண்டாவது படம். அளவு இருபத்தாறு. எரிச்சல் பாதி. நான்கு நாளாக ஒரே தட்டு நிற்கிறது.

ஜூலை 5, சனி

நான்காவது வாரம். ஆறி வந்த இடத்தில் பொடிப் பொடியாகச் சிவப்புப் புள்ளி, அரிப்பு. ஈரத்தில் வருகிற பூஞ்சையாம். பவுடர் போடுகிறாள். ஆனால் குறிப்பில் 'மோசம்' என்றுதானே எழுத வேண்டும்?

"நல்லா இருக்குன்னு எழுதேண்டி. யாருக்குத் தெரியப் போகுது?"

"நல்லா இருக்குன்னு நீங்க மூணு வாரம் சொன்னது போதும் பாட்டி. நானும் ஆரம்பிக்கணுமா?"

என் தோலே அவளுக்குக் குழி பறிக்கிறது.

ஜூலை 10, வியாழன்

புள்ளி மங்குகிறதா? கண்ணாடியில் ஐந்து தடவை பார்த்தேன். எனக்கு அப்படித் தெரிகிறது. ஆசைக்குத் தெரிகிறதோ என்னவோ.

ஜூலை 19, சனி

ஆறாவது படம். புள்ளி இல்லை. தோல் தோலாக இருக்கிறது. இருபத்தைந்து என்று எழுதிக்கொண்டாள்.

பரீட்சைக்கு நானும் வர வேண்டுமாம். என் வயிற்றில்தான் செய்து காட்ட வேண்டும்.

ஜூலை 26, சனி

திரை போட்ட கட்டில். பரீட்சை மேடம் கால்மாட்டில், கையில் கடிகாரம். வெள்ளை முடி, சிரிக்கத் தெரியாத வாய். பேத்தி கை கழுவினாள், பழைய தட்டைத் தோல் இழுபடாமல் எடுத்தாள், துடைத்தாள். பக்கத்து மேசையில் அவள் குறிப்பு விரித்தபடி இருக்கிறது. இருபத்தைந்து. அவளே எழுதியது.

"எட்டு நிமிஷம் ஆச்சு" என்றது அந்த அம்மா.

அவள் கை கத்தரிக்கோலுக்குப் போயிற்று. நோயாளி பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். விரலையாவது ஆட்டலாமா? ஆட்டினால் அதுவும் உதவிதானே? கூரையைப் பார்த்தேன். பூராவும் வெள்ளை.

வயிற்றில் வழவழவென்று அட்டை பட்டது.

"அளவு குறிப்புல இருக்கே. நீங்களே எழுதினதுதானே?" அந்த அம்மாவின் குரல்.

"அது போன வாரம் மேடம்."

அளந்தாள். இருபத்தைந்துதான். ஒரு நூல்கூட மாறவில்லை. ஆனாலும் அளந்தாள். நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணீர் காதுக்குள் இறங்கிவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

கடிதம் வரவில்லை. மருமகள் தபால்பெட்டியை மூன்று தடவை திறந்தாள். நான் நான்கு.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை ஏழரைக்குப் புதுச் சீருடையில் கிளம்பினாள், தோளில் பிரிவுப் பொறுப்பாளருக்கான நீலப் பட்டை. முதல் நாளே தாமதம் ஆகிவிடும் என்று சாப்பிடாமல் ஓடப் பார்த்தாள். விடவில்லை.

சான்றிதழைக் கண்ணாடி போடக் கொடுத்திருக்கிறது. அதுவரை ஆணியில் அளவு அட்டையை நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கைக்கு வாகாக இருக்கிறது. டைப்பிஸ்ட் அம்மா, "இது என்ன, விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நாற்காலியடியில் சொட்டியது என்ன என்பது உட்பட. கால் மணி நேரம் போதவில்லை.

பயிற்சி அறைப் பலகையில் என் படத்தை ஒட்டியிருக்கிறார்களாம், அடுத்து வருகிற நர்ஸ்கள் பார்க்க. முதல் வாரத்து வெந்த வயிறும் பக்கத்தில் ஆறாவது வாரத்து வயிறும். ஆறாவது வாரம் ஜூலையோடு போயிற்று. இன்று காலை அளந்தேன், இருபத்து நான்கு. அரித்த தடம்கூட இல்லை. சாயங்காலம் வந்ததும் சொல்ல வேண்டும்: புதுசா ஒரு படம் எடுத்து ஒட்டுடி, அது பழசு.