புருனோவின் பற்கள்

மொண்டேவீடியோ,
ஆகஸ்ட் 9

அன்புள்ள லியாந்த்ரோவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். ஜெர்மனியில் இப்போது நல்ல வெயில் என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் என்றால் நீ விளக்க ஆரம்பித்துவிடுவாய். உன் விளக்கங்களுக்கு நான் நிறையத் தலையாட்டியாகிவிட்டது. காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

கடற்கரைச் சாலையில் காற்று ஆளைத் தள்ளுகிறது. அடுப்பு பழையபடி புகைகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் வரவில்லை. போன வாரம் வரைக்கும் காலையில் மாத்தே தேநீர்க் குடுவையோடு சமையலறையில் உட்கார்ந்தால், பக்கத்து வீட்டு ஓல்காவிடம் அதே கதைதான்: "வயித்துல ரெட்டைய வச்சுக்கிட்டு, கொட்டுற மழையில ஸ்டேடியத்துல நின்னு பந்தாட்டம் பாத்தா பாரு, அந்தக் காய்ச்சல்தான் என் பேரன் வாயைக் கட்டிப்போட்டுச்சு." என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொல்வார். நீயும் ஒரு நாளும் அவரைத் தடுத்ததில்லை. ஒருமுறை கேட்டதற்கு, "அம்மா சொல்ற விதம்தான் முரட்டுத்தனம், விஷயம் தப்பில்ல நோயெலியா" என்றாய். அன்றிரவு நான் சாப்பிடவில்லை, நீ கவனிக்கவும் இல்லை.

எலியாஸின் வாய் ஓய்வதே இல்லை. நேற்று பேக்கரியில், "எனக்கு ஒண்ணு, புருனோவுக்கு ஒண்ணு. அவன் பேச மாட்டான், அவனுக்கும் சேத்து நான்தான் பேசுவேன்" என்றான். கடைக்காரி சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கோச்சோ ரொட்டி கூடுதலாகக் கொடுத்தாள். புருனோ இன்னும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜின் மேல் நெற்றியை வைத்து, அது உறுமுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். இழுத்தால் கத்துகிறான். நான்கு வயது நெருங்குகிறது.

போன வாரம் அவன் படியில் விழுந்து முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. பல் டாக்டர் இவோனிடம் கூட்டிப் போனேன். அவன் பல்லின் நிறம் உனக்கு நினைவிருக்கும், சாம்பலும் மஞ்சளுமாக. "பல்லு வெளக்கக்கூடத் தெரியாத தாய்" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லி, அவன் திமிறத் திமிற மடியில் அமுக்கிப் பிடித்து, ஈறில் ரத்தம் வரும்வரை நான் தேய்த்திருக்கிறேன், லியாந்த்ரோ. நீ வாசலில் நின்று பார்த்திருக்கிறாய். விடு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இவோன் விளக்கைச் சாய்த்துப் பார்த்தார். "இது அழுக்கு இல்லம்மா. உள்ளேருந்து வந்த நிறம். பல்லு வெளிய வர்றதுக்கு முன்னாடியே ஏறினது. டெட்ராசைக்ளின் வகை மருந்து. கைக்குழந்தைக்கு அதை யாரு குடுத்தா?" யாரும் கொடுக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த எலியாஸை வாயைத் திறக்கச் சொன்னார். பால் வெள்ளை. "ரெட்டைதானே? ஒரே வீட்டுலதானே வளர்றாங்க?" என்று என்னைப் பார்த்தார். நான் புருனோவின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன், அது ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது.

வீடு வருவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. விடியற்காலைப் பால்புட்டி எப்போதும் உன் பொறுப்பு. "உனக்கு வாய்ச்ச மாதிரி புருஷன் யாருக்குடி கிடைப்பான்" என்று என் அக்கா பொறாமைப்படுவாள். புருனோவின் புட்டிக்குப் பச்சை மூடி, எலியாஸுக்கு வெள்ளை. மாறிவிடக் கூடாது என்று நீ அவ்வளவு கண்டிப்பாக இருந்தாய். இருவருக்கும் வைட்டமின் சொட்டு என்றாய். எலியாஸுக்கு என்ன கொடுத்தாய், சர்க்கரைத் தண்ணீரா?

உன் ஆய்வுக்கூடத்தில் எட்டு வருடம் எலி மூளையைச் சீவியவள் நான். எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். மூளை முழுதாக உருவாவதற்கு முன்பே அதற்குள் குடிபோகும் அந்தக் காவல் செல்களை முதலில் எனக்குக் காட்டியவன் நீதான். நோயோடு சண்டை போடுவது மட்டும் அவற்றின் வேலை இல்லை. வேண்டாத நரம்பு இணைப்புகளைத் தின்று ஒழுங்கு செய்வதும், இளம் நரம்புச் செல்களைச் சாகாமல் காப்பதும் அவைதான் என்று சொன்னாய். கர்ப்பிணி எலிக்குக் காய்ச்சல் வரவைத்தால் குட்டிகளின் மூளையில் அவை வெறிபிடித்துவிடும், டெட்ராசைக்ளின் வகையான மினோசைக்ளின் கொடுத்தால் அடங்கும் என்றாய். எனக்குக் காய்ச்சல் வந்தது. நீ பயந்துவிட்டாய். அதுவரை எனக்குப் புரிகிறது. பயத்தில் இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தால் நீ ஒரு முட்டாள் அப்பா, அவ்வளவுதான். ஒருவனுக்கு மட்டும் கொடுத்திருக்கிறாய்.

போன மாதம் உன் புதிய கட்டுரையை அனுப்பி, நன்றியுரையில் என் பெயர் இருப்பதைப் பார்க்கச் சொன்னாய். பார்த்தேன். மற்றதையும் படித்தேன். பிறந்த குட்டிகளில் காவல் செல்களை அடக்கினால் இளம் நரம்புச் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். எலிக்கு அப்படி, மனிதக் குழந்தைக்கு எப்படியென்று யாருக்கும் தெரியாது என்பாய். தெரியாததால்தானே கொடுத்தாய்?

ஒரு விஷயத்தில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். காய்ச்சல் இருவருக்கும் பொது. மருந்து ஒருவனுக்கு. பேசாதவனும் ஒருவன், அதே ஒருவன். மூன்று வருடமாக நான் சுமந்த பழியை, மருந்து கொடுக்காமல் நீ வைத்திருந்த ஒப்பீட்டுக் குழு துடைத்துவிட்டது. அந்தக் குழு வாயில் பிஸ்கோச்சோவை அடக்கிக்கொண்டு இப்போது என் காலடியில் பொம்மை லாரி ஓட்டுகிறது.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பேரன்கள் இருவரையும் ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "படிச்சவன் செஞ்சா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்டி, நீ கெளறாத" என்றார். ஓல்காவிடம் மட்டும் அன்றிலிருந்து அந்தக் கதையைச் சொல்வதில்லை.

பிள்ளைகளை டிசம்பரில் கூட்டி வரச் சொல்லி டிக்கெட் அனுப்பியிருந்தாய். பனி பார்க்கலாம், அப்படியே அங்கே உன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருவருக்கும் ஒரு தலை ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றாய். இருவருக்குமா! நோய் இல்லாத எலியாஸுக்கு எதற்கு ஸ்கேன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். உன் சோதனை முடியவில்லை என்றால் முடியாமலே இருக்கட்டும்.

புருனோவைப் பார்க்கும் நரம்பு டாக்டருக்கு மருந்தின் அளவு வேண்டும், எந்த வயதில் தொடங்கி எப்போது நிறுத்தினாய் என்பது வேண்டும். அதை நேராக அவருக்கே எழுது. மன்னிப்பு எதுவும் சேர்க்காதே, அவருக்கு அது பயன்படாது.

எனக்கு ஒன்றை மட்டும் எழுது. எவனுக்கு மருந்து என்று எப்படி முடிவு செய்தாய்? புருனோ எடை குறைவாகப் பிறந்தான், இழந்தாலும் இவனை இழக்கலாம் என்று நினைத்தாயா? எலியாஸின் மேல் பாசம் அதிகமா? இல்லை, புருனோவின் மேல்தான் உயிர், அவனையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தாயா? எதுவானாலும் எழுது. உன்னை வெறுப்பதற்காவது எனக்கு ஏதாவது வேண்டும். ஒரே ஈற்று எலிக்குட்டிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கும்போது நம் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். கைக்கு ஒரு குட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான், ஆசாபாசம் கலக்கக் கூடாது என்று காசைச் சுண்டியவன் நீ. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், லியாந்த்ரோ. பொய்யாவது எழுது. காசு சுண்டினேன் என்று மட்டும் எழுதாதே.

உன் பிள்ளைகள் இருவருக்கும் தாய்,
நோயெலியா