மலக்குகள் வைத்த சுன்னத்து

ஜித்தா,
11.03.1984

அன்பின் ஹாஜறாவுக்கு ஸலாம். நீயும் மகனும் உம்மாவும் சுகமாயிருக்க துஆக் கேட்கிறேன். எனக்கு ஒரு குறையுமில்லை. மகன் அழுகிற சத்தத்தைக் கசெட்டில் பதிந்து அனுப்பு, சின்னதென்றாலும் பரவாயில்லை.

“வாப்பாவப் போல மலக்குகளே சுன்னத்து வெச்சி அனுப்பின புள்ள” என்று உம்மா கல்முனைக்குடி முழுக்கச் சொல்லித் திரிவதாக எழுதியிருந்தாய். முன்தோல் பாதியில்லாமல் பிறந்ததை வானத்து மலக்குகளின் வேலையாக்கிவிட்டார் என்று வாசித்துச் சிரித்தேன்.

நான் கூட்டித் துடைக்கும் பிரசவ ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு விடுமுன் ஒவ்வொரு பிள்ளையையும் டாக்டர் உடுப்பைக் கழற்றிப் பார்ப்பார். நேற்று அப்படியே ஒரு பிள்ளை. தகப்பனுக்குப் பெருமை. டாக்டர் சிரிக்கவில்லை. மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் கீழே இருக்கிறதாம். பரம்பரையிலும் வருமாம். மேலே கிடக்கும் தோலை வைத்துத்தான் பிறகு ஒப்பரேசன் செய்து சரியாக்கலாமாம், அதை வெட்டவே கூடாதாம்.

எனக்கும் அப்படித்தான், ஹாஜறா. நம் ஆண்கள் மூத்திரத்துக்கும் குந்தியிருந்து போகிறவர்கள். அது ஒரு குறையென்று எனக்கே தெரியாமல் போயிற்று.

மிச்சத் தோலை நாற்பதாம் நாளன்று சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமா வந்து எடுப்பார் என்றும் எழுதியிருந்தாய். வேண்டாம். கத்தி படவே கூடாது. மூத்திரம் எங்கிருந்து வருகிறதென்று பார், பெரிய டாக்டரிடம் காட்டு.

நாற்பது இந்த வெள்ளிக்கிழமை. இதைக் கொண்டுவரும் நிந்தவூர் சரீப் காக்கா வியாழன் பின்னேரம்தான் கொழும்பில் இறங்குவார், அங்கிருந்து ஊருக்கு இன்னும் ஒரு ராப் பயணம். இப்போது வாசலில் நின்று அவசரப்படுத்துகிறார்.

ஒஸ்தா மாமா முந்தியிருந்தால், இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே.

உன்,
ஆதம்லெவ்வை